'நடைமுறை' என்னும் பொய்ப்பெயர்

இலக்கியக் கூட்டம் ஒன்று முடிந்து, பாளையங்கோட்டையில் சாலையோரத் தேநீர்க் கடையில் நின்றிருந்தோம். நம்மிடம் முன்பு பகுதி ஒன்று தமிழ் படித்து, இப்போது டெக்சாஸில் மென்பொருள் வேலை பார்க்கும் மாணவர் ஒருவரும் உடனிருந்தார். அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போவதாக அவர் சொன்னதுதான் தாமதம், நாம் அனைவரும் அண்ணாச்சி என்றழைக்கும் மூத்த கவிஞர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார். "போட்டியா? கொலைக்கு ஒத்திகைன்னு சொல்லுங்க." மாணவர் பணிவாகவே மறுத்தார். "அப்படி இல்லைய்யா. ஆனா வெறும் விளையாட்டுன்னும் நினைச்சிராதீங்க. நாளைக்கு ஒருத்தன் வீடு புகுந்தா கை தானா வேலை செய்யும்."

இருவரும் எதிரெதிர்த் தரப்பில் நிற்பதாகக் கூடியிருந்தோர் கருதினர். நமக்கோ இருவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள் என்று பட்டது. அந்தப் போட்டி மனிதனைச் சுடுவதற்கான பயிற்சி என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஒருவர் அதை அருவருக்கிறார், மற்றவர் அதில் பெருமை கொள்கிறார். அவ்வளவே. இருவருமே தவறு என்று எழுதத்தான் இந்தக் கட்டுரை.

நம் தகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது .22 ரைபிளில் ஐந்து தோட்டா சுட்டதோடு சரி. கைத்துப்பாக்கியைத் தொட்டதில்லை, தொடும் எண்ணமும் இல்லை. ஆனால் விதிநூல் என்று ஒன்று இருந்தால் அதைப் படிக்காமல் பேசக்கூடாது என்பது இலக்கணம் கற்பிக்கிறவனின் பழக்கம். மாணவர் சொன்ன போட்டிக்கு விதிநூல் இருக்கிறது. அதைப் படித்தோம். யாப்பிலக்கணத்துக்கு உரை எழுதியவர்கள்கூட இவ்வளவு நுணுக்கமாகச் சந்தேகப்பட்டிருப்பார்களா என்று வியந்தோம்.

ஒலிம்பிக்கில் நாம் காணும் சுடுதல் வேறு வகை. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவுக்குத் தங்கம் தந்ததும், 2024இல் பாரிஸில் மனு பாக்கருக்கு வெண்கலம் தந்ததும் பத்து மீட்டர் தொலைவில் அசையாது நின்று காற்றுத் துப்பாக்கியால் சுடும் போட்டிகள். நாம் பேசுவது ஆங்கிலத்தில் 'பிராக்டிகல் ஷூட்டிங்' எனப்படுவது. நடைமுறைத் துப்பாக்கி சுடுதல் என்று வைத்துக்கொள்வோம். இதில் சுடுபவர் ஓடுகிறார், குனிகிறார், பலகைச் சுவரின் துளை வழியே சுடுகிறார், ஓடிக்கொண்டே தோட்டாப் பெட்டியை மாற்றுகிறார். இலக்குகள் அட்டையிலும் இரும்பிலும் செய்யப்பட்டவை. சில ஊசலாடும், சில தோன்றி மறையும்.

இதன் பிறப்பில் 'நடைமுறை' என்ற சொல்லுக்குப் பொருள் இருந்தது. அதை மறுக்க மாட்டோம். ஜெஃப் கூப்பர் என்பவர் அமெரிக்க மரைன் படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர். 1950களில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் என்னும் மலையூரில், உறையிலிருந்து துப்பாக்கியை உருவி யார் விரைவாக இலக்கை வீழ்த்துகிறார் என்று போட்டி வைத்தார். 'லெதர்ஸ்லாப்' என்பது அதன் பெயர். வந்தவர்கள் பெரும்பாலும் திரைப்படக் கௌபாய்களைப் போல இடுப்பிலிருந்தே ஒற்றைக் கையால் சுட்டார்கள். ஜாக் வீவர் என்ற லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரக் காவலர் இரு கைகளாலும் பற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்திக் குறிபார்த்துச் சுட்டு வென்றார். கண்ணுக்கு நேரே கொண்டுவர ஆகும் கணப்பொழுது வீண் அல்ல என்பது அன்று தெளிவாயிற்று. எது உண்மையில் பலிக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் களமாகவே போட்டி தொடங்கியது. 1975இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் உலகப் போட்டி நடந்து, ரே சாப்மன் வென்றார். 1976 மே மாதம் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடி, சர்வதேச நடைமுறைத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பை, அதாவது ஐ.பி.எஸ்.சி.யை நிறுவினார்கள். கூப்பர் முதல் தலைவர். துல்லியம், ஆற்றல், வேகம் என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்கள் அதன் முழக்கம்.

அந்த மூன்றையும் ஒரே தராசில் நிறுத்தியதுதான் இந்த ஆட்டத்தின் மூளை. அட்டையில் ஏ, சி, டி என மூன்று பகுதிகள். நடுவிலுள்ள ஏ-க்கு 5 புள்ளி. சி-க்கும் டி-க்கும் தோட்டாவின் ஆற்றலைப் பொறுத்து மதிப்பு மாறும். குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது 'பவர் ஃபேக்டர்'. 124 கிரெய்ன் குண்டு 1,050 அடி வேகத்தில் போனால் 130.2. இது 125ஐத் தாண்டுவதால் 'மைனர்' என்ற தகுதி கிடைக்கும்: சி-க்கு 3, டி-க்கு 1. 'ஸ்டாண்டர்ட்' பிரிவில் 170ஐத் தொட்டால் 'மேஜர்': சி-க்கு 4, டி-க்கு 2. வலிய தோட்டாவின் உதைப்பைத் தாங்குகிறவருக்கு, நடுவிலிருந்து விலகிப்போன குண்டுக்கும் சற்றுக் கூடுதல் கூலி. போட்டியன்று வேகமானி வைத்து அளப்பார்கள். 125க்கும் கீழே போய்விட்டால் சுடலாம், ஆனால் மதிப்பெண் கிடையாது.

கிடைத்த புள்ளியை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுக்கிறார்கள். வருவது 'ஹிட் ஃபேக்டர்'. ஒரு கட்டத்தில் 24 தோட்டா சுட வேண்டும் என்று கொள்வோம். மூவருமே மைனர். முதலாமவர் நிதானி: இருபத்துநான்கும் ஏ, 120 புள்ளி, 20 வினாடி, ஈவு 6.00. இரண்டாமவர் பதினெட்டு ஏ, ஆறு சி, 108 புள்ளி, 16 வினாடி, ஈவு 6.75. மூன்றாமவர் பறக்கிறார்: 15 வினாடி. பதினாறு ஏ, ஐந்து சி, இரண்டு டி, ஒன்று இலக்கையே தொடவில்லை. தவறவிட்டதற்குப் பத்து கழிய, 87 புள்ளி; ஈவு 5.80. மூவரில் மிக விரைந்தவர் கடைசி. ஒரு தோட்டாகூடத் தப்பாதவர் இரண்டாமிடம். எங்கே விரைவது, எங்கே நின்று நிதானிப்பது என்று ஒவ்வோர் இலக்குக்கும் தனித்தனியாக முடிவெடுத்தவர் வெல்கிறார். இதில் கொலைவெறி எங்கே இருக்கிறது, அண்ணாச்சி? வெறிகொண்டவன் மூன்றாமவனாகத்தான் வருவான்.

இப்போது மாணவருக்கு வருவோம். சுடத் தொடங்குமுன் போட்டியாளர்கள் அந்தக் கட்டத்தைச் சுற்றிநடந்து பார்க்க அனுமதி உண்டு. எந்தச் சுவருக்குப் பின்னால் எத்தனை இலக்கு, எந்த இடத்தில் பெட்டி மாற்றுவது என்று வெறுங்கையைத் துப்பாக்கிபோல் நீட்டி நடந்து மனப்பாடம் செய்கிறார்கள். மேடையேறுமுன் வசனம் ஒப்பிக்கும் நடிகர்களைப் போல. வீடு புகும் திருடன் எவன் இந்த வசதியைத் தருவான்? திருப்பிச் சுடுபவர் யாரும் இல்லாததால் மறைவு தேட வேண்டிய தேவையும் இல்லை.

இவையெல்லாம் சில்லறை. பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அதை இந்த விளையாட்டின் அன்பர்களும் சொல்லக் கேட்டதில்லை, எதிரிகளும் சொல்லக் கேட்டதில்லை. களத்தில் சுடக்கூடாத இலக்குகளும் வைக்கப்படுகின்றன. அவற்றில் தோட்டா பட்டால் பத்துப் புள்ளி போகும். ஆனால் எது சுட வேண்டியது, எது சுடக்கூடாதது என்பதை நிறம் சொல்லிவிடுகிறது. பழுப்பு என்றால் சுடு, வெள்ளை என்றால் விடு. ஆயுதம் ஏந்தியவனின் வாழ்க்கையில் உண்மையான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சுடலாமா, கூடாதா? இருட்டில் நிற்பது திருடனா, தாமதமாக வீடு திரும்பிய மகனா? அந்தக் கேள்வியை இந்த ஆட்டம் வேரோடு பிடுங்கி எடுத்துவிட்டது. எடுத்ததால்தான் அது விளையாட்டாக இருக்க முடிகிறது. ஆகவே "கை தானா வேலை செய்யும்" என்று பெருமைப்படும் தம்பிக்கு நாம் சொல்வது: தானாக வேலை செய்யும் கைதான் நமக்கு அச்சம் தருகிறது. துப்பாக்கியைத் தவறின்றிக் கையாளும் பழக்கம் எங்கும் உதவும். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அட்டைமுன் பழகிய கை, மனிதன்முன் முடிவெடுக்கக் கற்றிருக்கிறது என்பது பொய். அண்ணாச்சி சொன்ன ஒத்திகையும் இதனாலேயே பொய்.

கூட்டமைப்பே தன் பெயரைவிட்டு மெல்ல விலகிவந்திருக்கிறது. பழைய அட்டையில் தலை போன்ற மேற்பகுதி இருந்தது. இன்று உலகப் போட்டிகளில் வைப்பது தலையில்லாத, ஆமை ஓட்டை நினைவூட்டும் அட்டை. அமெரிக்காவில் தலையுள்ள அட்டை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்பது தனிக்கதை. ராணுவப் புள்ளிச் சட்டை அணிந்து போட்டியாளர் வருவதையும் விதிநூல் விரும்புவதில்லை.

கருவிகளின் கதையும் இதுவே. வெற்றி ஒரு வினாடியின் பின்னத்தில் தொங்கும்போது எந்தக் கருவியும் வாழ்க்கைக்காகச் செய்யப்பட்டதாக நீடிக்காது. 1980களில் குழல் வாயில் காம்பன்சேட்டர் ஏறியது. வெடிவாயுவை மேல்நோக்கித் திருப்பி, துப்பாக்கி எகிறுவதைக் குறைப்பது அதன் வேலை. பிறகு சிவப்புப் புள்ளி காட்டும் மின்குறிநோக்கி வந்தது. 1990இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டக் கோனிக் அதைப் பொருத்திய துப்பாக்கியால் உலகப் பட்டம் வென்றார். துப்பாக்கி உறை என்பது விசைக்காப்பு வளையத்தை மட்டும் கவ்விப் பிடிக்கும் கொக்கியாகச் சுருங்கியது. அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு மாட்டுவண்டியில்கூடப் போக முடியாது. இவற்றையெல்லாம் கண்டு, தான் பெற்ற பிள்ளை வெறும் ஆட்டமாகிவிட்டது என்று கூப்பர் கசந்துகொண்டார். 2006இல் அவர் இறக்கும்வரை அந்தக் கசப்பு மாறியதாகத் தெரியவில்லை.

கசந்தவர்கள் சிலர் 1996இல் ஐ.டி.பி.ஏ. என்ற மாற்று அமைப்பைத் தொடங்கினார்கள். துப்பாக்கியை மேலாடைக்குள் மறைத்து வைக்க வேண்டும், மறைவிடத்துக்குப் பின்னிருந்தே சுட வேண்டும், அன்றாடம் ஒருவர் அணியக்கூடிய கருவிகள் மட்டுமே செல்லும். மெய்ம்மைக்குத் திரும்பும் முயற்சி. நடந்தது என்ன? உருவுவதற்கு எளிதான மேலாடை எது என்ற ஆராய்ச்சி பிறந்தது. உடல் மறைவில் இருந்ததா இல்லையா என்ற வழக்கு ஓயாமல் போகவே, தரையில் கோடு போட்டு, கால் கோட்டைத் தாண்டாதவரை மறைவில் இருப்பதாகக் கொள்க என்று எழுதினார்கள். சுவர் இருந்த இடத்தில் கோடு! மெய்ம்மையை விதியாக எழுதப் புகுந்த எவருக்கும் நேர்வதே அவர்களுக்கும் நேர்ந்தது. நாம் கேலி செய்யவில்லை. யதார்த்தவாத நாவலைப் பற்றி நம்மவர்கள் நடத்திய சண்டைகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஐ.பி.எஸ்.சி. வேறு வழியைக் கண்டது. பிரிவுகளாக வகுத்தது. 'ஓபன்' பிரிவில் காம்பன்சேட்டர், குறிநோக்கி எல்லாம் செல்லும். 'ஸ்டாண்டர்ட்' பிரிவில் துப்பாக்கி 225 மில்லிமீட்டர் நீளம், 150 அகலம், 45 உயரமுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். 'புரொடக்ஷன்' பிரிவில் ஆலையில் செய்த துப்பாக்கி. யாராயினும் மைனர் மதிப்பெண். தொடங்கும்போது பெட்டியில் 15 தோட்டாவுக்கு மேல் கூடாது. 'கிளாசிக்' பிரிவில் மேஜருக்கு 8, மைனருக்கு 10. ரிவால்வருக்குத் தனிப்பிரிவு. தளை என்ற சொல்லுக்கு விலங்கு என்றும் பொருள், சீர்கள் ஒன்றோடொன்று கட்டுண்பது என்றும் பொருள். இவர்கள் பூட்டிக்கொண்ட தளைகள் இரண்டாவது வகை.

பாதுகாப்பு விதிகளை மட்டும் நாம் கேலி செய்யத் துணிய மாட்டோம். குழல் வாய், பின்னணி மண்மேட்டை நோக்கிய திசையிலிருந்து 90 பாகைக்கு மேல் திரும்பினால் போட்டியிலிருந்து வெளியேற்றம். நகரும்போதும் பெட்டி மாற்றும்போதும் விரல் விசைக்காப்புக்குள் இருந்தால் வெளியேற்றம். வெளியேற்றம் என்றால் அந்தக் கட்டத்திலிருந்து மட்டும் அல்ல, போட்டி முழுவதிலிருந்தும். உலக வாகையரும் முதல் கட்டத்திலேயே பெட்டியைக் கட்டலாம். 'பாதுகாப்புப் பகுதி' எனக் குறித்த இடத்தில் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அங்கே தோட்டாவைத் தொடக்கூடாது, போலித் தோட்டாவாயினும். நம்மை நிறுத்தி யோசிக்கவைத்த விதி ஒன்று உண்டு. சுடும் முறை வராதபோது ஒருவருடைய வெற்றுத் துப்பாக்கி உறையிலிருந்து நழுவித் தரையில் விழுந்துவிட்டால் அவர் அதைக் குனிந்து எடுக்கக்கூடாது. சுடுதள அலுவலரைக் கூப்பிட வேண்டும். அவர் எடுத்து, சோதித்து, கையில் தருவார். தானே எடுத்தால் வீட்டுக்குப் போகலாம். விழுந்த பொருளை எடுக்கும் கை அனிச்சையானது. எந்த நிலையில் பற்றும் என்று சொல்ல முடியாது. "கை தானா வேலை செய்யும்" என்ற பெருமிதத்தின்மேல் விதிநூல் வைத்த அவநம்பிக்கை இது.

இவ்வளவு சொல்லியும் அண்ணாச்சியின் கேள்வியின் அடியிலுள்ள வலியை நாம் தட்டிக்கழிக்க முடியாது. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் தொடக்கப்பள்ளியில் ஒருவன் பதினாறு குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் கொண்டுவந்த நான்கு கைத்துப்பாக்கிகளும் உரிமம் பெற்றவை. 1997இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் விளையாட்டுக்கான கைத்துப்பாக்கிகளை ஏறத்தாழ முற்றிலும் தடைசெய்தது. நடைமுறைக் கைத்துப்பாக்கிப் போட்டி அங்கே அத்துடன் முடிந்தது. நிரபராதிகளைத் தண்டித்துவிட்டார்கள் என்று ஆட்டக்காரர்கள் குமுறினார்கள். நிரபராதிகள்தாம். ஆனால் விளையாடும் உரிமை குழந்தைகளின் உயிருக்கு எதிர்த்தட்டில் வைக்கத்தக்கது என்று நாம் நினைக்கவில்லை. அந்த நாடாளுமன்றத்தில் இருந்திருந்தால் நாமும் தடைக்கே வாக்களித்திருப்போம். ஒன்றை விளையாட்டு என்று சொல்வதன் விலை இது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் விளையாட்டை உவகைக்கு நிலைக்களனாக வைத்தார். உவகையைச் சற்றுச் சுருக்கிக்கொள்ளலாம்.

சுருக்கிக்கொண்டும் ஆடியிருக்கிறார்கள் என்பதே நம் வாதத்தின் பலம். 2002 அக்டோபரில் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில், உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகளோடு வந்த ஒரு மாணவன் இரு மாணவர்களைக் கொன்றான். 2003இல் ஆஸ்திரேலியா பத்துத் தோட்டாவுக்கு மேற்பட்ட பெட்டிகளையும், சில விலக்குகள் தவிர .38க்கு மேற்பட்ட விட்டத்தையும் தடுத்தது. ஆட்டம் செத்துவிடும் என்றார்கள். சாகவில்லை. 32 தோட்டா கொண்ட நீண்ட கட்டத்தை, ஓபன் பிரிவின் ஏறத்தாழ முப்பது தோட்டாப் பெட்டியோடு வருகிறவர் ஒருமுறை மாற்றி முடிப்பார். பத்துத் தோட்டாக்காரர் மூன்று முறை மாற்ற வேண்டும். எங்கே மாற்றுவது என்ற கணக்கு இன்னும் சுவையாகிறது.

பயிற்சியைப் பார்த்தாலும் வெடிமருந்து இதன் உயிர் அல்ல. தேர்ந்த ஆட்டக்காரர்கள் நாள்தோறும் செய்வது 'டிரை ஃபயர்': தோட்டாவே இல்லாத அறையில், வெற்றுத் துப்பாக்கியை நூறுமுறை உருவி, குறிநோக்கி, விசையை அழுத்துவது. டைமர் கூவும், கை எழும். பிரையன் ஈனோஸ் 1990இல் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் ஓதப்படுகிறது. அது பெரிதும் பேசுவது பார்ப்பதைப் பற்றி. குண்டு புறப்படும் கணத்தில் குறிமுனை எங்கிருந்தது என்று கண்டவனுக்கு, அட்டையைப் பாராமலே அது ஏ-யா சி-யா என்று தெரியும். வெடியோசைக்குக் கண் சிமிட்டுகிறவனுக்கு ஒருபோதும் தெரியாது. இந்தப் பார்வையைப் பழக வெடிமருந்து வேண்டுமா? ஜப்பானில் குடிமக்கள் போட்டிக்காகக்கூட இத்தகைய கைத்துப்பாக்கிகளை வைத்துக்கொள்ள இயலாது. அங்கே பிளாஸ்டிக் மணி உமிழும் பொம்மைத் துப்பாக்கியில் பழகிய தத்சுயா சாக்காய், 2004இல் கலிஃபோர்னியாவில் நடந்த 'ஸ்டீல் சேலஞ்ச்' என்னும் விரைவுச் சுடுதல் போட்டியில், வாழ்நாளெல்லாம் உண்மைத் தோட்டாவோடு வளர்ந்த அமெரிக்கர்களை வென்றார். பொம்மைத் துப்பாக்கிப் போட்டியை ஐ.பி.எஸ்.சி.யே தன் பிரிவுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டுள்ளது. அதன் உலகப் போட்டி 2018இல் ஹாங்காங்கில் நடந்தது.

ஆகவே மாணவரின் தரப்பார் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். இது விளையாட்டு என்றால் சமூகம் பத்துத் தோட்டா போதும் என்னும்போது பத்தோடு ஆடுங்கள். பொம்மையோடு ஆடு என்றால் பொம்மையோடு ஆடுங்கள். வெல்ல முடியும் என்று சாக்காய் காட்டிவிட்டார். இது வாழ்க்கைக்கான ஆயத்தம் என்றால் மைனர், மேஜர், ஹிட் ஃபேக்டர், ஆமை ஓட்டு அட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சுடாமலிருக்கக் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தேடிப் போங்கள். சட்டம் நெருங்கும்போது விளையாட்டு என்றும், நண்பர்கள் கூடும்போது போர்ப்பயிற்சி என்றும் இரண்டு வாயால் பேசுவது ஆகாது. அந்தப் பெயரிலிருந்து 'நடைமுறை'யை நீக்கிவிட்டால் பாதிப் பொய் போய்விடும்.

இதை அந்த மாணவருக்கு மின்னஞ்சலில் எழுதினோம். "ஐயா, நீங்க ஒரு தடவை வந்து பாருங்க" என்று பதில் வந்தது. அண்ணாச்சியிடம் நேரில் சொன்னோம். "வாத்தியாருக்கு வேலை இல்ல" என்றார். மறுத்து எழுத விரும்பும் பிற நண்பர்கள் தாராளமாக எழுதலாம். விதிநூலை ஒருமுறை படித்துவிட்டு எழுதினால் நமக்கும் பதில் சொல்ல எளிதாயிருக்கும்.